தடாகத்தில் முடிகிறது, கடலில் முடியவில்லை: 750 மீற்றருக்கு எப்படித் தயாராவது?

கரைச்சிக்காரி

வணக்கம். கிளிநொச்சியில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். வயது 29. செப்டெம்பரில் திருகோணமலைப் பக்கம் நடக்கும் ஒரு சிறிய ட்ரையத்லனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 750 மீற்றர் கடல் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். இன்னும் 11 கிழமை இருக்கிறது. சைக்கிளும் ஓட்டமும் பயமில்லை. பாடசாலைக்குப் போய்வருவதே சைக்கிளில்தான், எதிர்க்காற்றுக் காலத்திலும்.

நீச்சல்தான் பிரச்சினை. போன வருடம்தான் பழகத் தொடங்கினேன். சனிக்கிழமை விடிய பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போய், 25 மீற்றர் தடாகத்தில் ஒரு மணித்தியாலம் நீந்திவிட்டு வருவேன். இப்போது 400 மீற்றர் நிற்காமல் நீந்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மச்சாளோடு முல்லைத்தீவுக் கடலுக்குப் போனேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று தொடங்கினேன். முதல் 20 கை வீச்சு நன்றாகத்தான் போனது. பிறகு கீழே பார்த்தேன். தடாகத்தில் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்தபடியே போய்ப் பழகிவிட்டேன். இங்கே வெறும் பச்சை. காலை இறக்கிப் பார்த்தேன், மண் தட்டுப்படவில்லை. அவ்வளவுதான். நெஞ்சு இறுகி, மூச்சை உள்ளே இழுக்க இழுக்கக் காணாது போல் இருந்தது. இரண்டு வாய் உப்புத் தண்ணீர் குடித்து, எப்படியோ கையைக் காலை அடித்துக் கரைக்கு வந்தேன். மச்சாள் எண்ணிக்கொண்டிருந்தாளாம். மொத்தம் 40 கை.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். இந்தப் பதற்றத்தை எப்படி அடக்குவது? இரணைமடுக் குளம் வீட்டுக்குக் கிட்ட, அங்கே பழகலாமா? மூன்றாவது அம்மா. 2004 சுனாமியில் மாமா குடும்பம் முழுவதையும் இழந்தோம். அம்மா அதற்குப் பிறகு கடல் மணலில் கால் வைத்ததில்லை. கடலுக்குப் போகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. பொய் சொல்லிக்கொண்டு போய்வருவது மனதை அரிக்கிறது.


அலைவாய்க்கரை

தங்கச்சி, நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கரைவலை (கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை), அண்ணை இப்போதும் தொழில். வயது 43. உங்களுடைய தூரத்தில் ஒரு போட்டியும், 1.5 கிலோமீற்றரில் ஒரு போட்டியும் முடித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 400 மீற்றரைப் பார்ப்போம். ஒவ்வொரு 25 மீற்றருக்கும் சுவரைத் தொடுகிறீர்கள். தொடும்போது ஒரு நொடி முகம் வெளியே, முழு மூச்சு ஒன்று, சுவரை உதைத்தால் நான்கைந்து மீற்றர் சும்மா போகும். 400 மீற்றரில் அப்படி 15 இளைப்பாறல் ஒளிந்திருக்கிறது. நீங்கள் தொடர்ந்து நீந்திய தூரம் 20 மீற்றர் அளவுதான். கடலில் 40 கையில் நின்றது ஏன் என்று இப்போது விளங்கும். உங்கள் உடம்பு பழகிய தூரத்தைச் சரியாக நீந்திவிட்டுச் சுவரைத் தேடியிருக்கிறது.

அடுத்தது மூச்சு. இழுக்க இழுக்கக் காணாது என்று எழுதியிருக்கிறீர்கள். காற்று உள்ளே போகாததால் அப்படி வருவதில்லை, பழையது வெளியே போகாததால் வருகிறது. பயந்தவுடன் முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். காபனீரொட்சைட்டு உள்ளே சேரும்போதுதான் உடம்பு மூச்சு மூச்சு என்று கத்தும். முகத்தைத் திருப்பும் அந்த அரை நொடிக்குள் ஊதவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் யாராலும் முடியாது. ஆகவே முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூக்காலும் வாயாலும் குமிழ் விட்டுக்கொண்டே இருங்கள். திருப்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது. கடலுக்கு நீந்தப் பழகுவதற்கு முன் கடலில் நிற்கப் பழக வேண்டும். நான் கடற்கரைப் பிள்ளை, ஆனாலும் முதல் போட்டியில் 200 மீற்றரில் உங்களைப் போலவே நெஞ்சு இறுகியது. யாரோ ஒருவரின் குதி என் கண்ணாடியில் பட்டு, இடக் கண்ணுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அப்போது என்னைக் காப்பாற்றியது வேகம் இல்லை. மல்லாந்து படுத்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள். வெளிச் சத்தம் எல்லாம் போய் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வானத்தைப் பார்த்து 12 மூச்சு எண்ணினேன். கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன். பிறகு குப்புறப் புரண்டு நீந்தினேன். மொத்தம் ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நீங்கள் 11 கிழமையும் பழக வேண்டும்.

எப்படி என்றால், இடுப்பளவு தண்ணீரில் தொடங்குங்கள். முதல் நாள் நீந்தவே வேண்டாம். மல்லாந்து மிதவுங்கள், ஐந்து நிமிடம். உப்புத் தண்ணீர் தடாகத்தை விட நன்றாகத் தூக்கும், அதை உங்கள் முதுகு நம்ப வேண்டும். பிறகு 10 கை நீந்திப் புரண்டு படுத்து 10 மூச்சு, திரும்ப 10 கை. அடுத்த கிழமை 20 கை. பயம் வந்த பிறகு புரள்வதற்காகக் காத்திருக்காதீர்கள். பயமே இல்லாத நேரத்தில் நூறு தடவை புரண்டிருந்தால்தான் பயம் வரும்போது உடம்பு தானாகப் புரளும்.

போட்டி விதியும் இதற்கு இடம் கொடுக்கிறது. ட்ரையத்லன் நீச்சலில் எந்த முறையிலும் நீந்தலாம், மல்லாந்தும் நீந்தலாம். மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்துக்கொண்டு ஆறலாம், அதைப் பிடித்து முன்னே போகாத வரைக்கும் குற்றமில்லை. உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவருக்கும் தெரியாமல் இறங்குபவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

தடாகத்துக்குப் போகும் சனிக்கிழமைகளில் சுவரைத் தொடாதீர்கள். சுவருக்கு இரண்டு மீற்றர் முன்னமே வளைந்து திரும்புங்கள். முதல் நாள் 100 மீற்றரிலேயே களைக்கும், பரவாயில்லை. அப்படித் திரும்பினால் ஒரு நீளம் 21 மீற்றர் அளவுதான், ஆகவே 36 நீளம் போனால் அதுதான் உண்மையான 750. கண்ணை மூடிக்கொண்டு 10 கை போட்டுப் பார்ப்பதும் நல்லது. எந்தப் பக்கம் இழுபடுகிறீர்கள் என்று தெரியும். கோடு இல்லாத கடலில் அந்தப் பக்கம்தான் விலகிப் போவீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இரணைமடுவைப் பற்றி யாராவது குளத்துக்காரர் சொல்லட்டும்.


துருசடி

நான் சொல்கிறேன். நீர்ப்பாசன வேலையில் 20 வருடம் குளக்கட்டுகளில் நடந்தவன்.

பிள்ளை, இரணைமடுவில் தனியாகப் பழக வேண்டாம். மேலே பார்க்கக் கடல் போல் அகலமாக, அமைதியாக இருக்கும். இப்போது சிறுபோகம், வயலுக்குத் தண்ணீர் போகிறது, துருசு (தண்ணீர் வெளியே விடும் மதகு) திறந்திருக்கும். துருசு திறந்திருக்கும்போது மேலே ஒரு சுழியும் தெரியாது, ஆனால் கீழே இழுவை இருக்கும். அந்தப் பக்கம் இறங்கவே கூடாது. மிகைநீர் வெளியேறும் வான்கதவுப் பக்கமும் அப்படித்தான்.

அலைகரைப் பக்கம் ஆழம் குறைவு என்று இறங்குவார்கள். அங்கே தண்ணீருக்குள் பட்ட மரக் குற்றிகள் நிற்கும். தண்ணீர் வற்ற வற்ற அவை மேல்மட்டத்துக்குக் கிட்ட வரும். கை வீசி அடித்தால் கிழித்துவிடும். தாமரைக் கொடி காலில் சுற்றினால் உதறக்கூடாது, உதற உதற இறுகும். மெதுவாகக் கையால் உருவிவிட வேண்டும்.

பிறகு முதலை. வன்னிக் குளங்களில் முதலை உண்டு, இதில் மறைக்க ஒன்றுமில்லை. விடியவும் பொழுது படவும்தான் அதற்கு இரை தேடும் நேரம். நீங்கள் பாடசாலைக்கு முன்னும் பின்னும் இறங்கக்கூடிய நேரமும் அதுதான். நான் மட்டும் என்றில்லை, குளத்தில் மீன்பிடிக்கும் ஆட்களும் இதையே சொல்வார்கள்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். மழை விழுந்து வயல் வெள்ளம் குளத்துக்குள் வந்த நாட்களில் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்காதீர்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்காலில் உளைவும் வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரியில் தண்ணீருக்குள் இறங்கியதைச் சொல்லுங்கள்.

கடலே நல்லது.


கரைச்சிக்காரி

இருவருக்கும் நன்றி. அந்த 15 இளைப்பாறல் கணக்கைப் படித்தவுடன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இன்று தடாகத்தில் சுவரைத் தொடாமல் பார்த்தேன். 75 மீற்றர். அழுகை வந்தது, ஆனால் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

சரி, கடல் என்றால் எங்கே, எத்தனை மணிக்கு? உடுப்புப் பிரச்சினையும் இருக்கிறது. ரீ சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுத்தான் இறங்குகிறேன், அது கனக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் வெட்சூட் என்ற தடித்த றப்பர் நீச்சலுடுப்பைப் போடச் சொல்கிறார்கள். அது இங்கே எங்கே கிடைக்கும்?


அலைவாய்க்கரை

வெட்சூட்டை மறந்துவிடுங்கள். அது குளிர் தேசத்துக்கு. நம்மைப் போன்ற வயதுப் பிரிவுக்காரருக்குத் தண்ணீர் 22 பாகைக்கு மேலே என்றால் இந்தத் தூரத்துக்கு அதைப் போடவே விதி விடாது. நம் கடல் இந்த மாதங்களில் 28 பாகைக்குக் கிட்ட இருக்கும். இதில் ஒரு பாதகமும் இருக்கிறது: அந்த உடுப்பு ஆளைத் தூக்கி மிதக்க வைக்கும், நமக்கு அந்த உதவி கிடையாது. அதனால்தான் மிதக்கப் பழகச் சொல்லிக் கரைகிறேன்.

பருத்தி ரீ சேர்ட் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக் கழுத்தில் தொங்கும். உடம்போடு ஒட்டிய நீளக் கை லைக்ரா மேலுடுப்பும் அதே துணியில் காற்சட்டையும் போதும். கழுத்துப் பின்பக்கமும் அக்குளும் உப்பில் உராய்ந்து தோல் போகும், வாசலின் பூசுங்கள். பூசிய கையால் நீச்சல் கண்ணாடியைத் தொடாதீர்கள், பிறகு எதுவும் தெரியாது.

நேரம் விடிய ஆறு மணி. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். இப்போது கச்சான் காற்றுக் காலம், தென்மேற்கிலிருந்து வருவது. அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் நம் கரையில் அலை அடங்கித் தண்ணீர் கண்ணாடி மாதிரிப் படுத்திருக்கும். பழகாதவர்கள் அதைப் பார்த்து இன்று நல்ல நாள் என்று இறங்குவார்கள். ஆனால் முதுகில் வீசும் காற்று ஆளை வெளியே தள்ளிக்கொண்டு போகும். போகும்போது சுகம், திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே விடியவே இறங்கி, எட்டு மணிக்கு முன் கரையில் இருக்க வேண்டும். கடலை நோக்கி நேரே போகாதீர்கள். நெஞ்சளவு தண்ணீரில் கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள். கால் ஊன்றலாம் என்ற தைரியத்தோடு 750 மீற்றரையும் அப்படியே பழகலாம். வாடைக் காற்றுக் காலம் வந்தால், கார்த்திகை தொடங்கி, இந்தக் கரையில் நீச்சலே வேண்டாம்.

இடம் தேடும்போது தொடுவாய்ப் பக்கம் போகாதீர்கள். வட்டுவாகல், நாயாறு, எங்கெல்லாம் களப்பு கடலோடு சேருமோ அங்கெல்லாம் ஓட்டம் இருக்கும். நந்திக்கடலுக்குள்ளும் வேண்டாம். அது சேறும் வலையுமாக ஆழமில்லாத களப்பு, நீந்த ஏற்ற இடமில்லை. கடலிலும் இரண்டு பக்கம் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கிப் போகும் ஒரு வாய்க்கால் மாதிரித் தெரிந்தால், அதுதான் வெளியே இழுக்கும் ஓட்டம். அதில் மாட்டினால் கரையை நோக்கி அடித்துக் களைக்காதீர்கள். பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகி, பிறகு கரைக்கு வாருங்கள்.

இந்த மாதங்கள் கரைவலைக் காலமும்கூட. வலைக்கயிறு கரையிலிருந்து வெகுதூரம் போகும், வலையின் பை போன்ற மடி எங்கே கிடக்கிறது என்று மேலிருந்து பார்க்கத் தெரியாது. இறங்குவதற்கு முன் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமோ, கயிறு இழுக்கும் ஆட்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் ஆட்கள் ஆரம்பத்தில் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் கேட்டுவிட்டு இறங்குபவர் மேல் அதற்குப் பிறகு ஒரு கண் வைத்திருப்பார்கள்.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் மிதவை வாங்கத் தேவையில்லை. ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்றை நன்றாக மூடி, செம்மஞ்சள் துணி சுற்றி, இரண்டு மீற்றர் கயிற்றில் இடுப்புப் பட்டியோடு கட்டுங்கள். பின்னால் மிதந்து வரும், படகுக்காரருக்குத் தூரத்திலேயே தெரியும், களைத்தால் கட்டிப்பிடிக்கலாம். அது உயிர்காப்பு அங்கி இல்லை, அதை நம்பி ஆழம் போகக்கூடாது. மச்சாள் கரையில் நின்று எண்ணட்டும். தனியாக ஒரு நாளும் வேண்டாம்.

திசை பார்ப்பதற்கு முதலையையே குருவாக எடுக்கலாம். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், கால் இழுபடும். கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும். ஆறு அல்லது எட்டுக் கைக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் உயர்த்திப் பாருங்கள், உடனே பக்கம் திருப்பி மூச்சு எடுங்கள். தண்ணீரிலிருந்து பார்க்கப் போட்டியில் திசை காட்டும் மிதவை சின்னதாகத்தான் தெரியும், அதற்குப் பின்னால் உயரமாக ஒரு பனையோ கோபுரமோ பிடித்து வையுங்கள்.


தாதி

நான் மருத்துவமனையில் வேலை செய்பவள். என் மகனும் கடலில் நீந்துகிறான், அதனால் அம்மாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தங்கச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள். பயப்படுவார், சண்டை வரும், இருந்தாலும் சொல்லுங்கள். 2004க்குப் பிறகு கடலைப் பார்க்காதவருக்கு, ஒரு நாள் வேறு யாரோ வந்து உங்கள் மகள் கடலில் என்று சொல்லத் தொடங்கினால் அந்த வசனம் முடிவதற்குள் அவருக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் மகன் சொல்லாமல் போய்வந்த ஒரு கிழமை எனக்கு இன்னும் மறக்கவில்லை. துவாயில் மணல் கண்டுதான் பிடித்தேன். நீந்தியதற்கு நான் கோபப்படவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் நான் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுதான் தாங்கவில்லை.

சொல்லும்போது கடல் பாதுகாப்பானது என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது பொய் என்று தெரியும். யார் கூட வருகிறார்கள், எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறுவீர்கள், எந்த ஆழம் என்று சொல்லுங்கள். ஏறியவுடன் ஒரு அழைப்பு எடுங்கள், ஒவ்வொரு தடவையும்.

சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டால் மணல் போட்டு உரசுவார்கள், அது தவறு. கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.


அலைவாய்க்கரை

அம்மாவைப் பற்றி நான் எழுத நினைத்ததை இந்த அக்கா என்னை விட நன்றாக எழுதிவிட்டா. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்த மார்கழியில் இரண்டு பேர் போனார்கள். அப்பா ஆறு மாதம் கடலைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் வலையைத் தைக்க எடுத்தார், அவ்வளவுதான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் இருக்கிறது. அம்மாவைக் கரைக்கு வரச்சொல்லி அழுத்தாதீர்கள்.

1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் ஆனந்தன் அதே நீரிணையைக் கடந்து இந்தியக் கரைக்குப் போய் நீந்தியே திரும்பி வந்தார், 51 மணித்தியாலம். சின்ன வயதில் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது நான் கேட்ட முதல் கேள்வி, தனியாகவா என்பது. இல்லை, பக்கத்தில் படகு போனது என்றார். அவர்களுக்கே படகு வேண்டியிருந்தது.


கரைச்சிக்காரி

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எத்தனை மணிக்கு ஏறுவாய் என்று மட்டும் கேட்டா. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏழே முக்காலுக்கு அழைப்பு எடுக்கிறேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவா.

தடாகத்தில் சுவர் தொடாமல் 500 மீற்றர் வந்துவிட்டேன். கடலில் நேற்று கரைக்குச் சமாந்தரமாக மச்சாள் மணலில் நடக்க நடக்க நீந்தினேன். நடந்து அளந்ததில் 600 மீற்றருக்குக் கிட்ட. நான்கு தடவை புரண்டு படுத்தேன். மூன்று தடவை பழக்கத்துக்காக. நாலாவது உண்மையாகவே, ஏதோ ஒன்று காலில் வழுக்கிக்கொண்டு போனது, நெஞ்சு பழையபடி இறுகியது. உடம்பு தானாகப் புரண்டது. நான் முடிவெடுக்கவே இல்லை. காது தண்ணீருக்குள் போனதும் சத்தம் எல்லாம் நின்றது, நீங்கள் எழுதியிருந்த மாதிரியே. எட்டாவது மூச்சில் இறுக்கம் விட்டது. கரைவலை ஐயா ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி கையைக் காட்டினார், நானும் காட்டினேன்.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை. போட்டியில் தொடக்கத்தில் கிழக்குப் பக்கமாக வெளியே போக வேண்டுமாம், தொடங்கும் நேரம் ஆறரை. நேற்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், சூரியன் நேரே முகத்தில். மிதவையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. என்ன செய்வது?


அலைவாய்க்கரை

அந்த நாலாவது தடவைதான் நான் கேட்க ஆசைப்பட்ட செய்தி.

சூரியனுக்குக் கறுப்புக் கண்ணாடி உள்ள நீச்சல் கண்ணாடி வாங்குங்கள், வெள்ளைக் கண்ணாடியை மப்பு நாளுக்கு வைத்திருங்கள். இரண்டையும் போட்டிக்கு முன் குறைந்தது மூன்று நாளாவது கடலில் போட்டுப் பழக வேண்டும், புதிதை அன்றைக்கு எடுக்காதீர்கள். போட்டிக்கு முதல் நாள் விடிய அதே ஆறரைக்குக் கரையில் நின்று, சூரியன் மிதவைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். மிதவை கண்ணில் படாவிட்டாலும் சூரியனை வலக் கண்ணோரத்திலோ இடக் கண்ணோரத்திலோ வைத்துப் போனால் திசை தப்பாது. மூச்சைச் சூரியன் இல்லாத பக்கமாக எடுங்கள், அதற்குத்தான் இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுவது. உங்களுக்கு எந்தப் பக்கம் வராது?

தொடங்கும்போது முன்வரிசையில் நிற்க வேண்டாம். கடைசி வரிசையில், ஓரத்தில் நில்லுங்கள். எல்லாரும் இறங்கிய பிறகு 15 எண்ணிவிட்டு இறங்குங்கள். நுரையும் உதையும் அடங்கியிருக்கும், முன்னால் போகிறவரின் கால் குமிழ் தெரியும். அதற்குப் பின்னால் போனால் தண்ணீர் கொஞ்சம் இலகுவாகவும் இருக்கும். ஆனால் அவரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அவரும் சூரியனுக்குள்தான் பார்க்கிறார்.


கரைச்சிக்காரி

இடப் பக்கம் வராது. நாளை தடாகத்தில் முழுக்க இடப் பக்கம்தான்.